சிஸ்டம் சொன்னால் சரிதானா? – வாசகர் கேள்வி பதில்

வேலை செய்யும் இடத்தில் இருக்கும் தகவல் அமைப்பு, அதாவது நாம் 'சிஸ்டம்' என்று சொல்வது, உங்களுக்கு எப்படிப் பயன்படுகிறது, எங்கே தொல்லை தருகிறது என்று எழுதக் கேட்டிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையக் கடிதங்கள் வந்தன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டு, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் கொடுத்திருக்கிறேன். சிஸ்டம் அனலிஸ்டாகவும் அப்புறம் அந்தப் பிரிவின் பொறுப்பிலும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் மேலாளரின் அறைக்குப் போகாமல், என்ட்ரி போடுகிறவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதுதான் என் வழக்கம். இந்தப் பதில்களையும் அங்கிருந்தே எழுதுகிறேன்.

*

வணிகவியல் மாணவி: தகவல் அமைப்பு என்ற பாடமே எங்களுக்கு கம்ப்யூட்டரில்தான் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பெரிய நிறுவனங்கள் எப்படிச் சமாளித்தன மேடம்?

நல்ல கேள்வி. 1850-களில் அமெரிக்காவில் நியூயார்க் அண்ட் ஈரி என்ற ரயில் நிறுவனம் இருந்தது. பாதையின் நீளம் கிட்டத்தட்ட 500 மைல். அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் டேனியல் மெக்கலம். 50 மைல் பாதையை ஒரு கண்காணிப்பாளர் நேரில் போய்ப் பார்த்தே நடத்திவிடலாம், எல்லாப் பணியாளர்களையும் அவருக்கு முகம் தெரிந்திருக்கும். 500 மைல் பாதைக்கு அது நடக்காது என்பதைத் தெளிவாக எழுதியவர் அவர். அதற்கு அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். ரயில்கள் எங்கே இருக்கின்றன என்று மணிக்கொரு முறை தந்தி வரும். ஒவ்வொரு நாளும் நிலையத்திலிருந்தும் ரயிலிலிருந்தும் அறிக்கை வரும். மாதக் கணக்கு தனி. 1855-இல் அவர் வரையச் செய்த நிர்வாகப் படம், நமக்குத் தெரிந்த கட்டம் கட்டமான படம் மாதிரி இருக்காது. ஒரு மரம் மாதிரி இருக்கும். இயக்குநர் குழு அடியில் வேராக இருக்கும். பாதைகளும் அவற்றில் வேலை செய்கிறவர்களும் கிளைகளாக விரிந்திருப்பார்கள்.

அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் நடந்ததைப் பதிவு செய்ய ஆள் உண்டு, பதிவு எந்த நேரத்தில் யாரிடம் போக வேண்டும் என்ற விதி உண்டு, அதைப் பார்த்து முடிவெடுக்க ஒருவர் உண்டு. இந்த மூன்றும் இருந்தால் அது தகவல் அமைப்பு. கம்ப்யூட்டர் வந்தபோது வேகமும் அளவும் மாறின. பரீட்சையில் அன்றாடப் பரிவர்த்தனை அமைப்பு, மேலாண்மை அறிக்கை அமைப்பு, முடிவெடுக்க உதவும் அமைப்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள், மதிப்பெண் வரும். வேலைக்குப் போன பிறகு ஒரே ஒரு படிவத்தை எடுத்து, அதை யார் நிரப்புகிறார், எங்கே போகிறது, அதைப் பார்த்து யார் என்ன செய்கிறார் என்று கடைசி வரை பின்தொடர்ந்து பாருங்கள். பாடம் அப்போதுதான் புரியும்.

*

கிடங்கில் பணிபுரிபவர்: அம்மா, சரக்கு வந்ததும் ரிஜிஸ்டரில் எழுதுகிறேன். அப்புறம் சிஸ்டத்தில் ஏற்றுகிறேன். சாயங்காலம் அதையே எக்செலில் போட்டு மேனேஜருக்கு மெயில் அனுப்புகிறேன். ஒரே விஷயத்தை மூன்று தடவை! கேட்டால் "ப்ராசஸ் அப்படித்தான்" என்கிறார்கள். இந்த சிஸ்டத்தால் எனக்கு என்ன லாபம்?

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் தகவல் அமைப்பு ஆரோக்கியமாக இருக்கிறதா என்பது உங்கள் மேஜையில்தான் தெரியும்.

நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளர் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தார். சிஸ்டத்தில் ஒரு இருப்பு, நோட்டில் வேறு இருப்பு. நோட்டில் இருந்ததுதான் சரி. காரணம் மிகச் சாதாரணமானது. சப்ளையர் பெட்டிக் கணக்கில் அனுப்புவார், உற்பத்திப் பிரிவு எண்ணிக்கைக் கணக்கில் எடுக்கும், பாதிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதைப் பதிவு செய்ய திரையில் இடமே இல்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தை புகார் சொல்லாமல், வேலை நிற்கக் கூடாது என்பதற்காக நோட்டுப் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் "உங்கள் நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். சிஸ்டம் எதைச் செய்யத் தவறுகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான அறிக்கை கிடையாது.

இப்போது உங்கள் மூன்று பதிவுகளுக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார் நிறுவனத்தில், சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில், வட அமெரிக்காவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதிய கட்டுரையால் பரவலாகத் தெரியவந்த கதை இது. புதிய கம்ப்யூட்டர் போட்டு ஆட்களை 400 ஆகக் குறைக்கலாம் என்று ஃபோர்டு நினைத்தது. அந்தச் சமயத்தில் மாஸ்டா நிறுவனத்தைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு ஐந்து பேர்! மாஸ்டா சிறிய நிறுவனம்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஃபோர்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? பர்ச்சேஸ் ஆர்டரின் நகல் ஒன்று கணக்குப் பிரிவுக்கு வரும். சரக்கு இறங்கியதற்கான சீட்டு ஒன்று வரும். சப்ளையரின் இன்வாய்ஸ் ஒன்று வரும். மூன்றையும் வைத்துக்கொண்டு 14 விவரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் தேடல் தொடங்கிவிடும். பெரும்பாலான நேரம் இந்தத் தேடலுக்கே போனது. இதே வேலையை வேகமாகச் செய்ய ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தால் தேடல் வேகமாகியிருக்கும், அவ்வளவுதான். அவர்கள் இன்வாய்ஸையே எடுத்துவிட்டார்கள். ஆர்டர் போடும்போதே அது பொதுவான ஒரு தகவல் தளத்தில் ஏறிவிடும். சரக்கு வந்து நிற்கும்போது, இறக்கும் இடத்தில் இருப்பவர் திரையில் பார்ப்பார். ஆர்டரோடு பொருந்தினால் ஏற்றுக்கொண்டு பதிவு செய்வார், பணம் தானாகப் போய்விடும். பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். ஒப்பிட வேண்டியவை 14-இலிருந்து மூன்றாகக் குறைந்தன. அந்தப் பிரிவில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஆட்குறைப்பைத்தான் பேசுவார்கள். நான் பார்ப்பது வேறு. சரக்கு இறங்கும் வாசலில் நிற்பவர், உங்களைப் போன்றவர், அதுவரை சீட்டு எழுதி அனுப்புகிறவராக மட்டும் இருந்தார். மாற்றத்துக்குப் பிறகு ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுப்பவர் ஆனார். அதற்குத் தேவையான தகவல் அவர் கைக்கே வந்தது. உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டீர்களே, நியாயமாகக் கிடைக்க வேண்டிய லாபம் இதுதான்: தகவல் கொடுக்கிறவருக்குத் திரும்பவும் தகவல் வர வேண்டும். என்ன ஆர்டர் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு என்ன வருகிறது, எந்தச் சரக்கு தீரப்போகிறது என்பதெல்லாம் உங்கள் திரையில் தெரிய வேண்டும்.

இதைவிடப் பழைய ஒரு உதாரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உலகத்திலேயே முதன்முதலில் அலுவலக வேலைக்காகக் கம்ப்யூட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தியது லையன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். தேநீர்க் கடைகளும் பேக்கரியும் நடத்தியவர்கள். 1951-இல் லியோ என்ற கம்ப்யூட்டரைத் தாங்களே உருவாக்கி வேலைக்கு வைத்தார்கள். 1954-இல் தேநீர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை அதில் ஏற்றியபோது, ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிலையான ஆர்டரை உள்ளே வைத்துவிட்டார்கள். கடையை நடத்தும் பெண் தினமும் முழுப் பட்டியல் எழுத வேண்டாம். அன்றைக்கு என்ன கூட, என்ன குறைய என்பதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். நினைவகம் மிகக் குறைவாக இருந்த அந்தக் கால இயந்திரத்திலேயே, தகவல் தருகிறவரின் சிரமத்தை இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாயங்காலம் அனுப்பும் எக்செலை மேனேஜர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். சிஸ்டத்தில் அவருக்கு அந்த அறிக்கையை எடுக்கத் தெரியாமல் இருக்கலாம். அல்லது சிஸ்டத்தில் இருக்கும் எண்ணை அவர் நம்பாமல் இருக்கலாம். முதலாவது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் காட்டினால் முடிந்தது. இரண்டாவது என்றால் அவருக்கு எந்த எண் மீது சந்தேகம் என்று கேட்டு எழுதி வையுங்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

*

சிறு நிறுவன உரிமையாளர்: எங்கள் கணக்கு முழுக்க எக்செலில்தான் ஓடுகிறது. ஆலோசகர் ஒருவர் வந்து "இதெல்லாம் ஆபத்து, உடனே ஈ.ஆர்.பி. வாங்குங்கள்" என்கிறார். நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருளாம். எக்செல் அவ்வளவு மோசமா?

எக்செல் நல்ல கருவி. ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க, "விலை இப்படி மாறினால் என்ன ஆகும்" என்று யோசிக்க அதைவிட வசதியானது இல்லை. பலர் சேர்ந்து எழுதும் பொதுப் பதிவேடாக அதை ஆக்கும்போதுதான் பிரச்சினை.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா பரிசோதனை முடிவுகளை பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வகையில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. கோப்பு நிரம்பிய பிறகு வந்த வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போயின. 15,841 நோயாளிகளின் விவரம் கணக்கில் வரவில்லை. அவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் முடிவு போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் குழுவுக்குத் தகவல் நேரத்தில் போகவில்லை. எக்செல் தன் எல்லைக்குள் சரியாகத்தான் வேலை செய்தது. ஒரு நாட்டின் நோய்ப் பதிவேட்டை அதன் மேல் ஏற்றி வைத்தது மனிதர்களின் முடிவு.

அது பெரிய இடம், நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். மரபணு ஆராய்ச்சியாளர்களையே எக்செல் படாதபாடு படுத்தியிருக்கிறது. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்பது போலப் பெயர் வைத்த மரபணுக்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்!

சரி, உங்கள் விஷயம். உங்கள் கோப்பில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? ஒரு எண் மாறியிருந்தால் யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று சொல்ல முடியுமா? ஒரே வாடிக்கையாளரின் முகவரி எத்தனை கோப்புகளில் இருக்கிறது? முகவரி மாறினால் எல்லாவற்றிலும் மாற்றுகிறீர்களா? ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல், விவரங்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளம் என்ற கருத்தை முன்வைத்தார். இன்றைக்கு நீங்கள் வாங்கும் கணக்கு மென்பொருள்களில் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. அதில் அலுவலகத்துக்குப் பயன்படும் பெரிய விஷயம், ஒரு விவரத்தை ஒரே இடத்தில் வைத்து, தேவைப்படும் இடங்களிலிருந்தெல்லாம் அதைச் சுட்டிக்கொள்வது. உங்கள் முகவரிகள் நான்கு கோப்புகளில் நான்கு விதமாக இருந்தால், எக்செலின் காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் முழு ஈ.ஆர்.பி.யை ஒரே மூச்சில் வாங்க வேண்டாம். பில்லும் ஸ்டாக்கும் ஒன்றோடொன்று பேசும் எளிய மென்பொருளில் தொடங்குங்கள். வாங்குவதற்கு முன்னால் உங்கள் இடத்தில் ஒரு ஆர்டர் வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும் வரை என்னென்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதை எழுத முடியாத நிறுவனத்துக்கு எந்த மென்பொருளும் பொருந்தாது. ஆலோசகர் அந்தத் தாளைக் கேட்காமலேயே விலை சொல்கிறார் என்றால் வேறு ஆலோசகரைப் பாருங்கள்.

*

பிரிவு மேலாளர்: தினமும் காலையில் மெயிலைத் திறந்தால் அறிக்கைகளாக வந்து விழுகின்றன. முக்கிய எண்களைத் திரையில் காட்டும் டேஷ்போர்டு வேறு. ஆனால் முடிவெடுப்பது முன்பைவிடக் கஷ்டமாக இருக்கிறது. என் குறையா, சிஸ்டத்தின் குறையா?

உங்கள் குறை இல்லை. மேலாண்மை அறிஞர் ரஸ்ஸல் ஆக்கஃப் 1967-லேயே இதை எழுதிவிட்டார். மேலாளர்களுக்குத் தேவையான தகவல் பற்றாக்குறை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை தேவையில்லாத தகவல் வந்து குவிவதுதான் என்றார். "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்" என்று மேலாளரிடம் கேட்டு சிஸ்டம் கட்டுவதும் சரிவராது என்றார். தன் முடிவு எதைச் சார்ந்திருக்கிறது என்று தெளிவில்லாத மேலாளர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கேட்பார். கம்ப்யூட்டர்கள் அறை அளவு இருந்த காலத்தில் எழுதியது இது.

ஒவ்வொரு அறிக்கைக்கும் எதிரே ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "இந்த எண் இவ்வளவுக்குக் கீழே போனால் நான் இதைச் செய்வேன்." எழுத முடியாத அறிக்கையை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள்.

*

பணம் வாங்கும் கவுண்டரில் பணிபுரிபவர்: அம்மா, இதைக் கேட்பதற்கே தயக்கமாக இருக்கிறது. என் கணக்கில் பணம் குறைகிறது என்று சிஸ்டம் காட்டுகிறது. நான் எண்ணிப் பார்த்தது சரி. எத்தனை தடவை பார்த்தாலும் சரி. ஆனால் மேலதிகாரி "சிஸ்டம் பொய் சொல்லாது" என்கிறார். கையிலிருந்து கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கட்டாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன்; மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளை நடத்தியவர்களுக்கு நடந்ததை ஒவ்வொரு மேலாளரும் படிக்க வேண்டும். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கணக்கு சிஸ்டம் கொண்டுவரப்பட்டது. உருவாக்கி நடத்தியது ஃபுஜிட்சு. கிளைகளில் பணம் குறைகிறது என்று அது காட்ட ஆரம்பித்தது. குறைந்த பணத்துக்குக் கிளையை நடத்துபவரே பொறுப்பு என்பது ஒப்பந்தம் என்று அஞ்சல் நிறுவனத்தின் நிர்வாகம் சொன்னது. பலர் சேமிப்பைக் கரைத்துக் கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். அடுத்த மாதம் மறுபடியும் குறையும். உதவிக்கு அழைத்தவர்களில் பலரிடம் "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று சொல்லப்பட்டது. 2015 வரை அஞ்சல் நிறுவனமே தொடுத்த வழக்குகளில் மட்டும் 700 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு. வீட்டை இழந்தவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சிஸ்டத்தில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்கில் இல்லாத குறையைக் காட்டக்கூடியவை என்று நீதிமன்றம் சொன்னது. ஃபுஜிட்சு ஊழியர்கள் வெளியிலிருந்தே கிளைக் கணக்குக்குள் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது என்பதும் தெரியவந்தது. அப்படியெல்லாம் முடியாது என்றுதான் நிர்வாகம் பல வருடங்கள் சொல்லிவந்தது. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து மற்றவர்களின் தண்டனைகளையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். இந்தக் கதையில் என்னை உலுக்கியது பிழை இல்லை. கணக்கு முடிக்கும்போது "இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை" என்று பதிவு செய்ய அந்த சிஸ்டத்தில் வழியே வைக்கவில்லை. ஒன்று ஏற்றுக்கொண்டு கட்ட வேண்டும், அல்லது கணக்கை முடிக்க முடியாது, அடுத்த நாள் கிளையைத் திறக்க முடியாது. வேறு வழியில்லாமல் பலர் கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அந்தக் கையெழுத்தே பொய்க்கணக்குக் குற்றமாக அவர்கள் மேல் பாய்ந்தது. இங்கிலாந்தில் சட்டமும் அவர்களுக்கு எதிராக நின்றது. கம்ப்யூட்டர் சரியாக இயங்கியது என்று சாட்சியம் தர வேண்டிய கட்டாயம் 1999-ஆம் வருடச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. இயந்திரம் சரி என்பதே தொடக்க அனுமானம். தவறு என்று காட்ட வேண்டிய சுமை, அதன் உள்ளே பார்க்க அனுமதியே இல்லாத ஒருவர் தலையில் விழுந்தது.

அதனால்தான் கட்டாதீர்கள் என்கிறேன். கட்டினால் குறையை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். கணக்கு சரி என்றும் கையெழுத்துப் போடாதீர்கள்; "எண்ணிய தொகை இவ்வளவு, சிஸ்டம் காட்டுவது இவ்வளவு, வித்தியாசத்தை நான் ஏற்கவில்லை" என்று தேதியும் நேரமும் போட்டு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாகினில் அன்றைக்கு நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளின் பதிவையும் நேரத்தோடு கேளுங்கள். நெட்வொர்க் அறுந்த நேரம், திரை உறைந்து மறுபடி அழுத்திய நேரம், ரத்தான பில் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை ஏறியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். பக்கத்து கவுண்டர்காரரிடமும் கேளுங்கள். உங்களுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னாலும், கேட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

உங்கள் மேலதிகாரி இதைப் படித்தால் அவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சிஸ்டத்தில் வரும் எண் ஒரு சாட்சியம். சாட்சியத்தை விசாரித்துத்தான் ஏற்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் ஒரு எண்ணை எதிர்த்து முறையிட எங்கே போக வேண்டும், யார் விசாரிப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்பதை இந்த வாரமே எழுதி ஒட்டுங்கள்.

*

ஷிப்டில் பணிபுரிபவர்: எங்கள் பிரிவில் எல்லோரும் ஒரே லாகினில்தான் வேலை செய்கிறோம். பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். ஆடிட்டர் திட்டுகிறார். நாங்கள் எல்லோரும் நம்பிக்கையானவர்கள்தானே?

நீங்கள் நம்பிக்கையானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முந்தைய பதிலை இன்னொரு முறை படியுங்கள். நாளைக்கு ஒரு எண் தவறாக வந்தால், அது உங்கள் கை இல்லை என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் உங்கள் பெயரில் இருக்கும் லாகின்தான். அதைப் பொதுவில் விட்டுவிட்டால் எல்லோர் மேலும் பழி வரும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் பேசுகிறேன். ஆள் மாறும்போதெல்லாம் வெளியேறி உள்ளே வர ஐந்து நிமிடம் ஆகிறது என்றால் யார்தான் செய்வார்கள்? லாகின் சில நொடிகளில் முடிய வேண்டும். அட்டையைத் தட்டி உள்ளே போகும் வசதி இருக்கிறது. ஆடிட்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

*

நிர்வாக அலுவலர்: புதிய சிஸ்டத்துக்கு மாறும் தேதி குறித்திருக்கிறோம். எங்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. தள்ளிப்போட்டால் செலவு கூடும் என்கிறார்கள்.

தள்ளிப்போடுங்கள். அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் 1999-இல் ஏப்ரலில் மாறத் திட்டமிட்டு, தாமதமாகி, ஜூலையில் மாறியது. அவர்களுடைய பெரிய விற்பனைக் காலமான ஹாலோவீனுக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரம். ஏறக்குறைய 10 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நேரத்தில் அனுப்ப முடியாமல் போனது. கிடங்கில் சரக்கு இருந்தது. எங்கே யாருக்கு அனுப்புவது என்பதுதான் சிக்கிக்கொண்டது.

இன்னொன்று, பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. தரவு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய தளம் தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் தவித்தார்கள். 2022-இல் வங்கிக்கு 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது.

ஒரு கிளையில், ஒரு பிரிவில், வேலை குறைந்த காலத்தில் முதலில் மாறிப் பாருங்கள். பழையதும் புதியதும் சில வாரம் சேர்ந்து ஓடட்டும். இரட்டை வேலைதான், அதற்கு ஆட்கள் கூடுதலாக வேண்டும், அந்தச் செலவைத் திட்டத்திலேயே போடுங்கள். "முடியாது, பழையதற்குத் திரும்புவோம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பெயர் சிஸ்டத்தை விற்றவருடையதாக இருக்கக் கூடாது.

*

மருத்துவமனை அலுவலக ஊழியர்: சிஸ்டம் டவுன் ஆனால் எங்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. பழைய தாள் படிவங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற கம்ப்யூட்டர் வைரஸ் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுவதும் ஒரே நாளில் முடங்கின. 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களைப் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். யார் யாருக்கு எதில் அனுமதி என்று வைத்திருக்கும் முக்கியமான சர்வர்களின் நகல்கள் எல்லா ஊரிலும் இருந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று எப்போதும் இணைந்திருந்ததால் எல்லாமே அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது, தாக்குதலின்போது அங்கே மின்சாரம் இல்லாததால். அந்தப் பத்து நாளும் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்துகொண்டேதான் இருந்தன. சரக்கின் அளவு 20 சதவீதம்தான் குறைந்தது, மீதியைக் கையாலேயே சமாளித்தோம் என்று அதன் தலைவர் பிறகு சொன்னார். அந்த மக்களுக்குத் தங்கள் வேலை திரையைத் தாண்டியும் தெரிந்திருந்தது.

மருத்துவமனையில் இது இன்னும் அவசரமான விஷயம். நோயாளியைப் பதிவு செய்ய, மருந்து கேட்க, பரிசோதனைக்கு அனுப்ப, அவருக்கு எது ஒவ்வாது என்று குறிக்க, இந்த நான்குக்கும் தாள் படிவம் அச்சடித்து ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெட்டியில் வையுங்கள். படிவத்தில் கேட்கும் விவரங்கள் திரையில் இருக்கும் வரிசையிலேயே இருக்கட்டும். பிறகு ஏற்றும்போது தவறு வராது. அப்போது சேர்க்கையில் இருப்பவர்களின் பட்டியலும் அவர்களுடைய மருந்து விவரமும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அச்சாகவோ, நெட்வொர்க்கில் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் சேமிக்கப்படவோ ஏற்பாடு கேளுங்கள். பேக்கப் எடுக்கிறோம் என்று ஐ.டி. பிரிவு சொன்னால், அதிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை மீட்டெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் வேலை குறைந்த ஒரு நாளில், முன்பே அறிவித்துவிட்டு, இரண்டு மணி நேரம் திரையைத் தொடாமல் தாளில் வேலை செய்து பாருங்கள். எந்தப் படிவம் தீர்ந்துபோனது, எந்தத் தொலைபேசி எண் தவறாக இருந்தது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் எங்கே நின்றீர்கள் என்பதை எழுதி எனக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் மற்ற மருத்துவமனைக்காரர்களுக்காகப் போடுகிறேன்.